விளிம்பு உடைத்த சட்டியும் மூன்று கிழங்குகளும்

போன மாசம் எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடைக்குப் போயிருந்தேன். வெளியே விருதுநகர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே ஊட்டியில் இறங்கியது மாதிரி குளிர்கிறது. காய்கறிப் பக்கம் போனால் உருளைக்கிழங்கை வலைப்பையில் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றிலும் ஒரு பொட்டு மண் இல்லை. குளிப்பாட்டி, துவட்டி, பவுடர் பூசிப் பெண் பார்க்க உட்கார வைத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. ஒரு பையை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பக்கத்தில் நின்ற கடைப்பெண், "பாட்டி, அது மாம்பழம் இல்ல, கிழங்கு" என்றாள். "தெரியும்மா, அதான் மோந்து பாக்கேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். என்னை அப்படிப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு, பழகிவிட்டது.

உருளைக்கிழங்கு என்றால் எனக்கு முதலில் மண்தான். நான் பிறந்தது காரியாபட்டிப் பக்கம். அப்பா உபதேசியார். அம்மா எனக்கு ஏழு வயதில் போய்விட்டாள். ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போக முடியாது என்று அப்பா என்னை போர்டிங்கில் சேர்த்துவிட்டார். அங்கே தினமும் கத்தரிக்காய், அல்லது பூசணிக்காய், அல்லது இரண்டும் இல்லாத சாம்பார். உருளைக்கிழங்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் வந்து, விருதுநகர் மொத்தக் கடைகளில் மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்து, அந்த நெடியையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும். சாக்கை அவிழ்த்துக் கொட்டினால் செம்மண் உதிரும். கரிசல் காட்டில் கறுப்பு மண்ணையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தச் சிவப்பு மண்ணை அள்ளி மோந்து பார்ப்போம். மலை எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் மலை இப்படித்தான் மணக்கும் என்று எல்லோரும் சத்தியம் பண்ணுவோம்.

கிறிஸ்துமஸ் அன்று குழம்பில் கிழங்கு போடுவார்கள். ஒரு கிழங்கை எட்டாக நறுக்கி, தட்டுக்கு ஒரு துண்டு. நான் அதை நடுத்தட்டில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கும் சோற்றையெல்லாம் தின்று முடித்து, கடைசியில்தான் வாயில் போடுவேன். ஒரு தடவை அப்படி வைத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவள் எடுத்துத் தின்றுவிட்டாள். அவளோடு அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போர்டிங்கில் வளர்ந்த பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்பதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மணியடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரத் தெரியும், அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் போனால் சமையல்கார அம்மா கரண்டியால் விரட்டுவார். அப்படியே படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்தேன். வயது இருபத்தொன்று. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சோறு மட்டும் குழைந்துபோகும்.

என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் எஸ்தர் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். திருநெல்வேலிப் பக்கம். ஜெபம், பாட்டு, சாப்பாடு மூன்றிலும் பக்தி அதிகம். சமையல் தெரியாவிட்டாலும் சமையலைப் பற்றிப் பேசத் தெரியும். "ஏட்டி, புதுச்சட்டியில சமைச்சா மண்ணுதான் மணக்கும். பழகுன சட்டியிலதான் ருசி. ஓரம் உடைஞ்ச சட்டியில வச்ச மீன்குழம்பு மாதிரி லோகத்துல இல்ல" என்பார். அந்த வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

அந்த ஊரில் அடுப்பெரிக்கத் தீப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப்போட்ட குச்சிகள் கிடைக்கும். மருந்து தோய்க்காத வெறுங்குச்சி. ஒரு கூடை அள்ளிவந்தால் இரண்டு நாளைக்குக் காணும். பற்றவைத்தால் குப்பென்று எரியும், நாம் உப்பு எடுக்கத் திரும்புவதற்குள் அணைந்தும் போகும். அந்தத் தீயில் நான் உருளைக்கிழங்கு வறுத்த கதை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். வெளியே கரி, உள்ளே பச்சை. எஸ்தர் டீச்சர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "பல்லுக்கு நல்லது" என்றார்.

எனக்குக் கிழங்குப் பாடம் நடத்தியது பக்கத்து வீட்டுச் சீனியம்மா. என் வயதுதான், ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தாய். அவள் மாமனார் காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். இப்போது புருஷன் தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து முக்குகிற வேலை, இவள் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரு ஒப்பந்தம். புருஷனின் அண்ணன் பட்டாளத்திலிருந்து எழுதும் கடுதாசியை நான் வாசித்துச் சொல்லிப் பதிலும் எழுதித் தரவேண்டும், அவள் எனக்கு அடுப்பைச் சொல்லித்தர வேண்டும். அவள் பாடம் வேலிக்கு மேலே தலையை நீட்டி இரண்டு வரியில் முடிந்துவிடும்.

"டீச்சரு, குச்சியில வறுக்காதீக. கருவேலங்கட்டைய வச்சு, கங்கு விழட்டும். கிழங்கை அங்கன வையிங்க, அதும்பாட்டுக்கு வேகும்."

"தோலைச் சீவணுமா?"

"எதுக்கு? தோலோட உப்புப் போட்டு அவிங்க. ஈர்க்குச்சியால குத்துங்க, தடையில்லாம இறங்குனா வெந்துருச்சு. சூட்டோட உரிக்கணும், ஆறுனா ஒட்டிக்கிடும்."

சூட்டோடு உரிப்பது என்பது கையை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு செய்கிற வேலை. இடது கையில் கிழங்கு, வலது கையில் நகம், வாயில் 'ஸ்ஸ்' என்ற சத்தம். உரித்ததை விரலால் உதிர்த்து, கடலையெண்ணெயில் கடுகும் வெங்காயமும் தாளித்துப் புரட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொடிமாஸ். உதிர்க்காமல் துண்டாக்கி, வற்றல் மிளகாய்த் தூளும் சோம்பும் உப்பும் பிசறி, சட்டியின் அடியில் பொரியவிட்டு, அவசரப்பட்டுக் கிண்டாமல் இருந்தால் வறுவல். கிண்டாமல் இருப்பதுதான் கஷ்டம், என் போன்ற ஆளுக்கு. எண்ணெய் குறைவாக இருக்கிற மாசக் கடைசியில் பச்சையாகவே நறுக்கிப் போட்டு, மேலே தட்டைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி மூடி, தட்டில் தண்ணீர் ஊற்றிவிடுவோம். தட்டுத் தண்ணீர் சுடச்சுட, உள்ளே ஆவி வேர்த்து வேர்த்து விழுந்து கிழங்கு வெந்துவிடும். கறி எடுத்த வீட்டில் விருந்தாளி எதிர்பாராமல் வந்துவிட்டால் குழம்பில் நான்கு கிழங்கைப் போட்டுக் கூட்டிவிடுவதும் உண்டு. கிழங்கு கறிக்குள் போய்க் கறியாகவே நடிக்கும், விருந்தாளியும் தெரியாத மாதிரி நடிப்பார்.

இப்போது கல்யாணக் கதைக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போடுவதெல்லாம் சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்த தாளில்தான். வர்ணம் விலகிப்போன காலண்டர், இரண்டு தடவை அடித்துவிட்ட தீப்பெட்டி லேபிள், ஒரே முகத்தில் நாலு கண் உள்ள சாமி. அந்தத் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார் ஒரு லித்தோ மிஷின்காரர், கல்லச்சில் வர்ணப் படம் அடிக்கிறவர். எஸ்தர் டீச்சருக்குத் தூரத்துச் சொந்தம். மொத்தத்தில் என்னிடம் நான்கு வாக்கியம் பேசியிருப்பார். "தாள் போதுமா?" என்பது அதில் மூன்று தடவை. நகக்கண்ணில் ஒரு வாரம் நீலம் இருக்கும், ஒரு வாரம் சிவப்பு. இந்த வாரம் என்ன ஆர்டர் அடிக்கிறார்கள் என்று அந்த நகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் விடிந்தது.

எஸ்தர் டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அவரே பேச்சை எடுத்தார். அங்கிருந்து வந்த பதில் இதுதான்: அப்பா இல்லாத வீடு, அம்மா சொல்வதுதான் முடிவு. அம்மா விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தம்மாவிடமிருந்து எஸ்தர் டீச்சருக்கு ஒரு கார்டு வந்தது. வருகிற சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாளானதால் மாம்சம் வேண்டாம். விருந்து வேண்டாம். பெண் தினமும் என்ன சமைப்பாளோ அதைச் சமைக்கட்டும்.

அந்தக் கார்டை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். தினமும் நான் என்ன சமைக்கிறேன் என்பதை ஒருவர் பார்க்கக் கூடாது என்றுதானே இத்தனை நாள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். இந்த ஒரு சாப்பாட்டில் தவறினால் நீல நகமும் சிவப்பு நகமும் வேறு யாருக்கோ தாள் கொண்டுபோய்க் கொடுக்கும். அப்பாவுக்கு எழுதிக் கேட்க முடியாது. அம்மா இல்லை. எஸ்தர் டீச்சர் சாத்தூர் போய் ஒரு வீசை உருளைக்கிழங்கு வாங்கி வந்தார். வீசையா கிலோவா என்று கடைக்காரர்களே குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணினால் பதினொன்று இருந்தது. பொடிமாஸ் என்று முடிவானது. வறுவலில் நான் கிண்டிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாளைக்கென்று கழுவும்போது, எங்களுடைய ஒரே மண்சட்டியைப் போட்டு உடைத்தேன். மிச்சம் இருந்தது சோறு வடிக்கிற அலுமினியப் பானை மட்டும்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பானையில் சோறு கொதிக்கிறது. கிழங்கு அவிக்கச் சட்டி இல்லை. சீனியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒட்டி முடித்த பெட்டிகளைக் கம்பெனியில் போடப் போயிருந்தாள். வேலிக் கம்பில் ஒரு சட்டி கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல கனமான சட்டி. விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு உடைந்திருந்தது. ஓரம் உடைந்த சட்டி! எஸ்தர் டீச்சர் சொன்ன பழகின சட்டி! நாங்கள் அவள் வீட்டு அம்மியை எடுப்பதும் அவள் எங்கள் வீட்டு முறத்தை எடுப்பதும் வழக்கம்தான். எடுத்துவந்தேன். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். என் சுத்தத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டுக் கிழங்கை உப்புப் போட்டு அவித்தேன். மூன்றை மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன். தண்ணீர் லேசாகப் பச்சை ஓடின மாதிரி இருந்தது. மலைக் கிழங்கு இல்லையா, பசுமை இறங்குகிறது என்று நினைத்தேன். டிரெயினிங்கில் எனக்கு விஞ்ஞானத்தில் நல்ல மார்க்கு.

எஸ்தர் டீச்சர் லெந்து நாட்களில் சனிக்கிழமை மத்தியானம் வரை உபவாசம். அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். அவித்த கிழங்கின் வாசனை வீட்டைச் சுற்றி வந்தது. பாவம், அவரும் மனுஷிதானே. "உப்பு சரியா இருக்கான்னு ஒருத்தர் பாக்கணும்லா" என்று ஒன்றை உரித்து வாயில் போட்டார். "காசைக் கடிச்ச மாதிரி இருக்குட்டி" என்றார். அதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்றும் சாப்பிட்டார்.

கால் மணி நேரத்தில் ஆரம்பித்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வாசலுக்கு ஓடினார், வாசலைத் தாண்ட முடியவில்லை. "கர்த்தர் தண்டிச்சுட்டாரு! ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டாம உபவாசத்தை முறிச்சுட்டேன், தண்டிச்சுட்டாரு!" என்று அழுதுகொண்டே வாந்தி எடுத்தார். எனக்கும் அதுதான் காரணம் என்று பட்டது. நான் என் ஒரே பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்துத் தயாராக இருந்தேன். அப்படியே அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சாம்பலை அள்ளிப் போட்டு வாசலைத் துப்புரவு செய்யக் குனிந்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு வெள்ளைச் சேலை. கையில் குடையும் பையும். ஒல்லியாக, நெட்டையாக, சிரிப்பில்லாமல் ஒரு அம்மா.

வந்தவருக்கு வணக்கமாக ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கையில் முறம் இருந்தது.

அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு எஸ்தர் டீச்சரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "என்ன சாப்பிட்டீக?"

"பாவம் செஞ்சுட்டேன்" என்றார் எஸ்தர் டீச்சர்.

"அது பெறகு. வயித்துக்குள்ள என்ன போட்டீக?"

"கிழங்கு."

அந்தம்மா உள்ளே போய்க் கிழங்கை எடுத்து மோந்து பார்த்தார். சட்டித் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சீனியம்மா தலைச்சுமையோடு வேலிப்பக்கம் வந்தாள். வெறுங்கம்பைப் பார்த்தாள், எங்கள் அடுப்பைப் பார்த்தாள், கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ டீச்சரு! அது பசைச் சட்டில்ல! அதுலயா அவிச்சீக?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டி ஒட்டுகிற வீடுகளில் மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவார்கள். பூச்சியும் எலியும் பசையைத் தின்றுவிடாமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். விஷம். மண்சட்டி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். நாரையும் சாம்பலையும் போட்டு ஆயிரம் தடவை தேய்த்தாலும் அடுத்த கொதியில் கக்கும். அதனால் அந்த ஊரில் பசைக்கென்று ஒரு சட்டி வாங்கினால், அடுப்பில் ஏற்றும் முன்னால் கல்லால் தட்டி விளிம்பில் ஒரு இடத்தை உடைத்துவிடுவார்கள். இருட்டில் எடுத்தாலும் விரலுக்குத் தெரியும், இது சோற்றுச் சட்டி இல்லை என்று. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த அந்த விஷயம் பள்ளிக்கூடத்து டீச்சருக்குத் தெரியவில்லை.

சீனியம்மா முன்னால் வந்தாள். "வெளிய காயவச்சது என் தப்புத்தான், அம்மா. எனக்குப் புத்தியில்ல" என்று வந்த அம்மாவிடம் கைகூப்பினாள். படித்தவர்கள் வீட்டில் ஒன்று நடந்துவிட்டால் பழி எந்தப் பக்கம் உருண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லங்க, நான்தான் கேக்காம எடுத்தேன். உடைஞ்ச சட்டின்னா ருசியா இருக்கும்னு எடுத்தேன்" என்றேன். சொல்லி முடித்ததும் கல்யாணமும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு முட்டாள்தனத்தை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்ட பெண்ணை யார் கட்டுவார்கள்?

அந்தம்மா சீனியம்மாவிடம், "கோழி இருக்கா?" என்று கேட்டார். "முட்டை எம்புட்டு இருக்கோ கொண்டா. ஆட்டுப்பாலு இருந்தா அதையும் கொண்டா."

முட்டை வெள்ளையைப் பாலில் அடித்து எஸ்தர் டீச்சரிடம் நீட்டினார். எஸ்தர் டீச்சர் அந்த நிலைமையிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "லெந்து நாள்ல முட்டையா?"

"ஆண்டவர் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். குடிங்க."

குடித்தார். மறுபடி வாந்தி எடுத்தார். மறுபடி குடிக்கவைத்தார். நான் முறமும் சாம்பலுமாக வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவைக்கு மேல் வயிறு நின்றது. எஸ்தர் டீச்சர் களைத்துத் தூங்கிவிட்டார். அந்தம்மா கைகளைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"சரி. எனக்குப் பசிக்கி."

பாவப்பட்ட மூன்று கிழங்கு மூலையில் இருந்தது. செம்மண்கூடக் கழுவாமல். சீனியம்மா அவற்றை எடுத்துக்கொண்டாள். அவள் அடுப்பு வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில். பெட்டி செய்கிற தாளும் மெல்லிய மரச்சில்லும் கிடக்கிற வீட்டில் யாரும் உள்ளே அடுப்பு மூட்ட மாட்டார்கள். காலையில் எரித்த கருவேலங்கட்டையின் கங்கு சாம்பலுக்கடியில் இன்னும் கிடந்தது. மூன்றையும் அதில் புதைத்தாள். புதைத்துவிட்டுத்தான் அவளுக்கு யோசனை வந்தது.

"அம்மா, எங்க அடுப்புல சுட்டதைச் சாப்பிடுவீகளா?"

எங்கள் சபையிலேயே சீனியம்மா சாதியார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சகோதரர், திங்கட்கிழமை அவரவர் சொம்பு. அந்தம்மா குடையை மடக்கி மரத்தில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன், உங்க அடுப்புல கிழங்கு வேகாதா?"

தோல் வெடித்து ஆவி வந்ததும் குச்சியால் தள்ளி எடுத்தோம். சூட்டோடு நான்தான் உரித்தேன், 'ஸ்ஸ்' என்று ஊதிக்கொண்டு. தோலோடு சாம்பல் உதிர்ந்து, உள்ளே மாவாக மலர்ந்திருந்தது. அதே கங்கில் இரண்டு வற்றல் மிளகாயைச் சுட்டு, கல்லுப்போடு நுணுக்கி, ஐந்தாறு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, ஒரு கரண்டி கடலையெண்ணெய் விட்டுச் சீனியம்மாவின் கும்பாவில் கையாலேயே பிசைந்தேன். மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து குழைந்த சோற்றோடு சாப்பிட்டோம். கிறிஸ்துமஸ் துண்டு மாதிரி நான் என் பங்கைக் கடைசி வரை வைத்திருந்தேன். அந்தம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார். அது ருசியா, பசியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது எஸ்தர் டீச்சரிடம், "ரெண்டு நாளைக்குக் காரம் வேண்டாம்" என்றார். சீனியம்மாவிடம், "சட்டிய வீட்டுக்குள்ள காயவையி" என்றார். என்னிடம் பாடத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. சாத்தூர் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பட்டுச்சேலையை ஊறவைத்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் தாள் கொண்டுவர அவர் வரவில்லை. பிள்ளைகளின் புத்தகங்களில் நாலு கண் சாமி என்னையே பார்ப்பது போல இருந்தது. எஸ்தர் டீச்சர் தன் உபவாசத்தால்தான் என் வாழ்க்கை போய்விட்டது என்று கூடுதலாக இரண்டு நாள் உபவாசம் இருந்தார். நான் கிழங்கு வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் பஸ் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் ஒரு சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அவிழ்த்தோம். செம்மண் உதிர்ந்தது. இரண்டு வீசைக்குக் குறையாத உருளைக்கிழங்கு. அடியில் வைக்கோலும், வர்ணம் விலகின காலண்டர் தாளுமாகச் சுற்றி ஒரு புது மண்சட்டி. தாளில் ஓரமாக நீல மை விரல் அடையாளம் ஒன்று இருந்தது. அது யார் விரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு துண்டுக் காகிதம், மருந்துச் சீட்டு மாதிரி எழுத்து:

'சட்டியை விளிம்பு தடவிப் பார்த்து எடுத்துக்கொள்ளவும். ஈஸ்டர் கழிந்து முதல் ஓலை வாசிக்க ஐயரிடம் சொல்லியிருக்கிறேன்.'

எங்கள் சபையில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்துவார். ஒவ்வொரு தடவையும் எஸ்தர் டீச்சர் சபையைத் திரும்பி முறைத்துப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் பிறந்து, நான் ஓரளவு சமைக்கவும் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு நாள் கிழங்கு உரித்துக்கொண்டே அத்தையிடம் கேட்டேன். "அன்னிக்கு என்னத்தப் பாத்து என்னைச் சரின்னு சொன்னீக? கிழங்கு அம்புட்டு நல்லா இருந்துச்சா?"

"கிழங்குல உப்புக் கூடிப்போச்சு" என்றார் அத்தை. "நான் வரும்போது நீ பட்டுச்சேலை கட்டிக்கிட்டு அடுத்தவ வாந்திய அள்ளிக்கிட்டு இருந்தே. மூக்கைப் பொத்தல. நர்ஸு வேலைக்கு வாற பிள்ளைக எத்தனை பேரு அதைப் பாத்துட்டு ஓடிருக்கு தெரியுமா? அங்கன வாசல்லயே முடிவு பண்ணிட்டேன். உள்ள வந்தது பசிக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெறகு எதுக்குப் பத்து நாளு?"

"நல்ல சட்டி கிடைக்கணும்ல."

அந்தச் சட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் சமைத்தேன். வீடு மாறும்போது ஒரு நாள் வண்டியில் இடித்து விளிம்பு உடைந்தது, கட்டைவிரல் அகலத்துக்கு. நான் அதில் தொடர்ந்து சமைத்திருப்பேன். அத்தை விடவில்லை. அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே இது சோத்துச் சட்டி இல்ல" என்று கொல்லைக்கு எடுத்துப்போய் மண் நிரப்பிப் புதினா நட்டுவிட்டார்.

அத்தை இல்லை. எஸ்தர் டீச்சர் இல்லை. சீனியம்மாவிடமிருந்து கடைசியாகக் கடுதாசி வந்தது அவள் மகள் டீச்சர் வேலைக்குப் போன வருஷம், மகளே எழுதியது. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். வேலிகள் இல்லை, காம்பவுண்டுச் சுவர்கள். தீப்பெட்டி இப்போது அட்டையில் மிஷினில் மடிந்து வருகிறது. நீலத்தாள் ஒட்டின மரப்பெட்டியை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பசை கிண்டுகிற வீடு இல்லை, விளிம்பு உடைத்த சட்டி ஒரு கம்பிலும் இல்லை. லித்தோ கல்லும் போயிற்று. எங்கள் வீட்டுக்காரரின் நகம் பல வருஷமாக வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கடையிலிருந்து அந்தக் குளித்த கிழங்கில் ஒரு பையை வாங்கித்தான் வந்தேன். மனசு கேட்கவில்லை. இரண்டை எடுத்துப் புதினாச் சட்டி மண்ணில் புதைத்து வைத்தேன். ஒரு நாள் மண்ணில் கிடந்தால் கொஞ்சமாவது மணம் வரட்டும் என்று. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றை மறுநாள் எடுத்து அவித்தேன். இன்னொன்றை மறந்தே போய்விட்டேன்.

இன்று காலை தண்ணீர் ஊற்றப் போனபோது, விளிம்பு உடைந்த இடத்தின் வழியாக ஒரு முளை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுருண்ட இலை, கரும்பச்சை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"விருதுநகர் வெயில்ல கிழங்கு பிடிக்காது" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போய், தன் பழைய குடையைக் கொண்டுவந்து விரித்து, அந்த முளைக்கு நிழலாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.